பார்வை குறைந்துவரும் ஓவிய ஆசிரியர் வகுப்பில் நீடிக்கலாமா? பினோத் பிஹாரி முகர்ஜியை முன்வைத்து

கேள்வி: கரித்துண்டு

அனைவருக்கும் வணக்கம். தஞ்சை மாவட்டத்தில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓவிய ஆசிரியராகப் பணியாற்றி வருகிறேன். எனக்குக் கண் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா, உள்ளது. வலக்கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டுமே தெரிகிறது. இடக்கண்ணில் நடுப்பகுதி ஓரளவு தெளிவாக இருந்தாலும் சுற்றுப்புறம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டே வருகிறது. போன பார்வை திரும்பாது என்றும், இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்றும் மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

நான் ஆறுதல் தேடி இதை எழுதவில்லை. ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்குக் கலையையும் கற்பித்தலையும் அறிந்தவர்களின் கருத்து வேண்டும். ஒரு மாணவன் வரைந்த தாளைக் கையில் வாங்கினால் அதை முழுதாக ஒரே பார்வையில் என்னால் இப்போது பார்க்க முடிவதில்லை. முகத்தைப் பார்த்தால் கை தெரியாது, கையைப் பார்த்தால் பின்னணி தெரியாது. துண்டு துண்டாகப் பார்த்து மனத்தில் சேர்த்துக்கொண்டுதான் கருத்துச் சொல்கிறேன். அப்படிச் சொல்வது நேர்மையா, அந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய ஆசிரியரை நான் மறித்துக்கொண்டு நிற்கிறேனா என்ற எண்ணம் இரவில் தூங்கவிடுவதில்லை. வீட்டில் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். என் சொந்த ஓவியங்களை ஓராண்டுக்கு முன்பே நிறுத்திவிட்டேன். நிறுத்தியதிலிருந்து என்னை யாரென்று எனக்கே சொல்லிக்கொள்ளத் தெரியவில்லை.

கும்பகோணத்தில் கவின்கலை படித்த நாள்களில், சாந்திநிகேதனில் பார்வையிழந்த பிறகும் வரைந்தும் கற்பித்தும் வாழ்ந்த பினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றி ஒரு பேராசிரியர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது அந்தப் பெயர் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அவர் உண்மையில் எப்படிக் கற்பித்தார், தம் கலையை எவ்வாறு மாற்றிக்கொண்டார் என்பதை விரிவாக அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன். ஒரு பெருங்கலைஞரின் வாழ்வை ஒரு பள்ளி ஆசிரியர் தமக்கு அளவுகோலாக வைத்துக்கொள்வது தன்னையே ஏமாற்றிக்கொள்வதாக ஆகுமா என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

மறுமொழி 1: செம்மண்பாதை

ஐயா, வணக்கம். நான் சாந்திநிகேதனின் கலைக் கல்லூரியான கலா பவனில் முதுகலை பயின்றவள்; பினோத் பிஹாரியை நேரில் காணும் காலத்தில் பிறக்காவிட்டாலும், அவர் தீட்டிய சுவர்களுக்கு நடுவில் சில ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்த ஓவியர் ஒருநாள் திடீரெனக் குருடானார் என்பது போல அவர் கதை பல இடங்களில் சொல்லப்படுகிறது. அது சரியன்று. 1904-இல் கல்கத்தாவின் பெஹாலாவில் பிறந்தபோதே அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொன்றில் கடுமையான கிட்டப்பார்வை. கலா பவன் தொடங்கப்பட்ட 1919-இலேயே ஓவியர் நந்தலால் போஸிடம் மாணவராகச் சேர்ந்த அவர், 1925-இல் அங்கேயே ஆசிரியரானார். அதாவது, பார்வை முழுதும் போவதற்கு முன் அவர் படைத்த அனைத்தையும் ஒற்றைக் கண்ணின் குறைப்பார்வையைக் கொண்டே படைத்தார்.

தாளை முழுதாகப் பார்க்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வரிக்காகவே நான் நீளமாக எழுதத் துணிகிறேன். இளமையிலேயே பினோத் பிஹாரி நீண்ட சுருள் ஓவியங்களை விரும்பித் தீட்டினார். 1937-ஐ ஒட்டி ஜப்பான் சென்று அங்குள்ள பழைய மரபையும் நேரில் கண்டு வந்தார். சுருள் ஓவியத்தின் இயல்பு என்ன? அதை யாரும் ஒரே பார்வையில் பார்ப்பதில்லை. வலப்பக்கத்தைச் சுருட்டிக்கொண்டே இடப்பக்கத்தை விரித்துச் செல்ல, காடும் வெட்டவெளியும் ஆளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கடந்து போகின்றன. முழுமை என்பது பார்ப்பவரின் நினைவில்தான் உருவாகிறது. நீங்கள் குறையாகக் கருதுகிற அந்தத் துண்டு துண்டான பார்வையையே இலக்கணமாகக் கொண்ட ஒரு பெரிய மரபு கிழக்காசியாவில் பல நூற்றாண்டுகளாக இருந்து வருகிறது. பினோத் பிஹாரியின் கண்ணுக்கு அது ஏன் அவ்வளவு உவந்தது என்பதைப் புரிந்துகொள்வது கடினமன்று.

1946-47-இல் சாந்திநிகேதனிலுள்ள இந்தி பவனின் சுவர்களில் அவர் தீட்டிய இடைக்காலத் துறவியர் வாழ்வு என்னும் சுவரோவியத்தை வாய்ப்பிருந்தால் ஒருமுறை நேரில் பாருங்கள். அறையின் மூன்று சுவர்களிலும் மேற்பாதி முழுவதும் அது ஓடுகிறது. இராமானுஜர், கபீர், சூர்தாஸ், துளசிதாசர் முதலியோர், தம்மைச் சூழ்ந்த எளிய மக்களோடு, ஓர் ஆற்றின் போக்கில் நகர்வது போல வருகிறார்கள். ஈரச் சுண்ணப் பூச்சின் மேல் தீட்டும் முறை அது. பூசிய பகுதி உலர்வதற்குள் வரைந்து முடிக்க வேண்டும், பின்னால் திருத்த இடமில்லை. முன்கூட்டியே முழு அளவில் வரைந்து சுவருக்கு மாற்றும் வழக்கத்தைக் கைவிட்டு அவர் நேரடியாகச் சுவரிலேயே வரைந்தார். பின்னால் தள்ளி நின்று சுவர் முழுவதையும் தெளிவாகப் பார்க்க அவருடைய கண் இடம் கொடுத்திருக்காது. ஒவ்வொரு பகுதியையும் முகத்துக்கு அருகில் வைத்துத் தீட்டியவர், அடுத்த பகுதி இதனோடு எப்படிச் சேரும் என்பதை மனத்திலேயே தாங்கிக்கொண்டு நகர்ந்திருக்க வேண்டும். அந்த அறையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருந்தது, நூற்றுக்கணக்கான உருவங்களுக்கு இடையில் எங்குமே தாளம் தடுமாறவில்லை என்பதுதான்.

இதன் பிறகு வந்த பத்தாண்டுகளைப் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். உங்களுக்கு அவைதாம் முக்கியம் என்று நினைக்கிறேன். 1949-இல் சாந்திநிகேதனை விட்டு நீங்கினார். காட்மாண்டு அரசு அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராக இருந்தார். ராஜஸ்தானின் வனஸ்தலி வித்யாபீடத்தில் கற்பித்தார். மனைவி லீலாவுடன் முசோரியில் ஒரு கலைப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார், அது நிலைக்கவில்லை. 1957-இல் கண்ணில் செய்த அறுவை சிகிச்சை பலனளிக்காமல், இருந்த பார்வையும் போயிற்று. ஐம்பத்து மூன்று வயதில், நிலையான வேலையை விட்டு எட்டு ஆண்டுகள் கழித்து, முழு இருளில் நின்ற மனிதர் அவர்.

1958-இல் கலா பவன் அவரை மீண்டும் ஆசிரியராக அழைத்துக்கொண்டது. இம்முறை கலை வரலாறும் கலைக் கோட்பாடும் கற்பித்தார். நாற்பது ஆண்டுகள் கூர்ந்து பார்த்தவற்றை நினைவிலிருந்து எடுத்துச் சொல்லக்கூடிய ஆசிரியர் எத்தனை பேருக்குக் கிடைப்பார்?

தம் கலையையும் அவர் விடவில்லை. காகிதத்தைக் கத்தரித்து ஒட்டினார், மடித்து உருவங்கள் செய்தார், மெழுகில் சிறு சிற்பங்கள் பிடித்தார், தடித்த முனைப் பேனாவால் கோட்டோவியங்கள் வரைந்தார், கல்லச்சுப் படங்களும் செய்தார். 1972-இல், காகிதத்தில் கண்டடைந்த வடிவங்களைப் பீங்கான் ஓடுகளாக்கி, கலா பவனின் ஒரு கட்டடச் சுவரில் பெரிய சுவரோவியம் ஒன்றை மாணவர்களின் துணையோடு அமைத்தார். அதே ஆண்டில், அவரிடம் பயின்றவரான சத்யஜித் ராய் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமும் எடுத்தார். அந்தச் சுவரைத் தடவிப் பார்த்திருக்கிறேன். விளிம்புகள் விரலுக்கு எழும்பி நிற்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது அவர் தேர்ந்தெடுத்த ஊடகம். நீர்வண்ணத்தில் கோடு எங்கே போகிறது என்று விரலால் அறிய வழியில்லை. கத்தரி வெட்டிய காகிதத்துக்கோ தொட்டறியத்தக்க ஓரம் உண்டு. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸும் 1941-இல் நடந்த பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு காகித வெட்டுக்குத் திரும்பினார். எனவே இருவரையும் ஒப்பிட்டு எழுதுவது வழக்கம். ஆனால் மத்தீஸுக்கு உடல்தான் ஒத்துழைக்கவில்லை, கண் அவருடையதாகவே இருந்தது. பினோத் பிஹாரிக்கு எந்தக் காகிதம் என்ன நிறம் என்பதையே பிறர் சொல்ல வேண்டியிருந்தது. கண்ணால் செய்ததைக் கண்ணில்லாமல் அப்படியே செய்துகாட்டும் பிடிவாதத்தை அவரிடம் நான் காணவில்லை. எது போய்விட்டது, எது போகவில்லை என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, போகாததன் மேல் புதிய வேலையைக் கட்டியிருக்கிறார். நீங்கள் ஓராண்டாக வரையவில்லை என்றால், தூரிகையை விட்டதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். களிமண்ணையோ கத்தரியையோ இன்னும் தொட்டுப் பார்க்கவில்லையே என்பதுதான் என் கவலை.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

மேலே எழுதிய அம்மையாரின் விளக்கத்தை மிகுந்த மதிப்போடு படித்தேன். ஆயினும் ஒரு கருத்தில் நான் வேறுபடுகிறேன். பினோத் பிஹாரியின் மீட்சியை அவருடைய மனவலிமைக்கு மட்டும் சான்றாகக் காட்டினால், அது உங்களைப் போன்றவர்களின் தோளில் ஏற்றும் சுமையாகவே முடியும். அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ள ஒரு நிறுவனம் இருந்தது. ஓவியமும் சிற்பமும் அறிந்த மனைவி உடனிருந்தார். நிறத்தைச் சொல்லவும் பீங்கான் ஓடுகளைச் சுவரில் பதிக்கவும் மாணவர்களின் கைகள் கிடைத்தன. இவற்றில் ஒன்றும் அமையாமல் எத்தனையோ திறமையாளர்கள் வீட்டுத் திண்ணையோடு முடங்கிப் போனதை நான் என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு மனவலிமை இல்லை என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடியாது.

ஆகவே நண்பரே, உங்களுக்கு என்ன துணை இருக்கிறது என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். அதில் முதன்மையானது சட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 20(4)-இன்படி, பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியான ஒருவரை அதன் காரணமாகப் பணியிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. ஏற்கெனவே பார்க்கும் வேலை பொருந்தாவிட்டால் அதே ஊதியமும் பணிப்பயன்களும் உள்ள வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படிப் பணியிடம் இல்லையென்றால், பொருத்தமான இடம் அமையும் வரை அல்லது ஓய்வு வயது வரை, கூடுதலாக உருவாக்கப்படும் மிகைப் பணியிடத்திலாவது வைத்திருக்க வேண்டும். அந்தச் சட்டம் அரசு நிறுவனம் என்பதற்குத் தரும் வரையறையில் அரசின் உதவி பெறும் அமைப்புகளும் அடங்கும். உங்கள் பள்ளி உதவி பெறும் பள்ளி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

விருப்ப ஓய்வுக் கடிதத்தில் தயவுசெய்து அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். நீங்களாக எழுதிக் கொடுத்துவிட்டால் மேற்சொன்ன பாதுகாப்பு பெரிதும் பயனற்றுப் போகும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியாக மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் பெறுங்கள். அதன் பிறகு தலைமையாசிரியரிடம் எழுத்து வடிவில், மரியாதையாக, உங்களுக்குத் தேவையான வசதிகளைக் கேளுங்கள். வெளிச்சமான வகுப்பறை, மாடி ஏறாத கால அட்டவணை, தேர்வுக் கண்காணிப்பிலிருந்து விலக்கு ஆகியவை எந்தப் பள்ளியாலும் செய்து தரக்கூடியவை. வீட்டில் உள்ளவர்கள் உங்கள் நலன் கருதியே ஓய்வு பெறச் சொல்கிறார்கள். அவர்களையும் அமர்த்தி இந்தச் சட்டப்பிரிவை எடுத்துச் சொல்லுங்கள்.

மறுமொழி 3: விரல்நுனி

ஐயா, நான் பிறவியிலேயே பார்வையற்றவன். பார்வைத்திறன் குறையுடைய பிள்ளைகளுக்கான பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். இதைக் கணினியில் திரைவாசிப்பான் மென்பொருளின் உதவியோடு எழுதுகிறேன். ஓவியம் வரைந்து காட்டி நான் கற்பித்ததில்லை. ஆனால் காண முடியாத ஆசிரியர் ஒரு வகுப்பை எப்படி நடத்துவது என்பதைப் பற்றிச் சில சொல்ல முடியும்.

நீங்கள் தாளை வாங்கிப் பார்த்துக் கருத்துச் சொல்வதை மாற்றி, வரைந்த பிள்ளையையே தன் படத்தைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். தாளின் எந்த மூலையிலிருந்து தொடங்கினாய், மரத்தின் உயரத்துக்கு ஆள் எவ்வளவு, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று கேட்டுக்கொண்டே போனால், பாதி வழியிலேயே அந்தப் பிள்ளை நிழலை மறந்துவிட்டேன் சார் என்று தானாகச் சொல்லும். நீங்கள் சுட்டிக்காட்டித் திருத்திய தவறு அடுத்த படத்தில் மீண்டும் வரலாம். தானே சொல்லிக் கண்டுபிடித்தது எளிதில் வராது. மற்றொரு மாணவனை அருகில் நிறுத்தி, அவன் பார்ப்பதையும் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு பேர் சொல்வதற்கும் வேறுபாடு எழும் இடத்தில் உங்கள் பாடம் தொடங்குகிறது. இதை நீங்கள் வேறு வழியில்லாததால் செய்வதாக எண்ண வேண்டாம். முழுப் பார்வை உள்ள ஆசிரியர்களும் செய்ய வேண்டிய ஒன்று இது. அவர்களுக்குப் பொறுமை இருப்பதில்லை, அவ்வளவே.

உங்கள் சொந்தப் பயிற்சிக்கு ஓர் எளிய கருவி சொல்கிறேன். ஒரு பலகையில் கொசுவலைக் கம்பியை இழுத்து ஆணியடித்துக்கொள்ளுங்கள். அதன் மேல் தாளை வைத்து மெழுகு வண்ணக்குச்சியால் அழுத்தி வரைந்தால், கோடு விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும். எங்கள் பிள்ளைகள் இதில்தான் வரைகிறார்கள். செலவு மிகக் குறைவு. இப்போதே, மிச்சமிருக்கும் பார்வையோடு, கண்ணால் பார்த்தும் விரலால் தடவியும் பழகிக்கொண்டால், கண்ணும் விரலும் ஒன்றுக்கொன்று சாட்சியாக இருக்கும். முழுவதும் போன பிறகு தனியாகத் தொடங்குவதைவிட இது எளிது.

மாணவர்களிடம் மறைக்காதீர்கள். நமக்குத் தெரியவில்லை என்பது பிள்ளைகளுக்கு நம்மைவிட முன்பே தெரிந்துவிடும். மறைக்கும்போது அவர்கள் பயப்படுகிறார்கள். சொல்லிவிட்டால் போட்டி போட்டுக்கொண்டு உதவுகிறார்கள். அந்த உதவியை ஏற்கும்போது சில நாள் கூச்சமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களை யாரென்று உங்களுக்கே சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருந்தது என்னை மிகவும் வருத்தியது. பார்வையை இடையில் இழந்த நண்பர்கள் பலரிடம் நான் கண்ட பொதுவான துயரம் அதுவே. அவர்களில் சிலர் அன்றாடம் படுக்கும் முன் கைபேசியில் தம் குரலைப் பதிவு செய்து வைத்தார்கள். இன்று என்ன செய்ய முடியவில்லை, அதை வேறு எப்படிச் செய்தேன், எதற்காகக் கோபப்பட்டேன் என்பனவற்றை மட்டுமே சொல்வார்கள். சில மாதங்கள் கழித்துக் கேட்டால், தாம் முன்பு நம்பியதைவிட அதிகமான செயல்கள் தம் கையில் இருப்பதை அவர்களே அறிந்துகொண்டார்கள். கோபம் குறையாத நண்பர்களும் உண்டு. அவர்களுக்கு மனநல ஆலோசகரின் துணை தேவைப்பட்டது. அதையும் தயங்காமல் நாடலாம்.

மறுமொழி 4: செம்மண்பாதை

தலைமையாசிரியர் ஐயா சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். பிறரின் கைகள் இல்லாமல் அந்தப் பீங்கான் ஓட்டுச் சுவரோவியம் இல்லை. அவ்வுதவியை வேலையின் ஒரு பகுதியாகவே பினோத் பிஹாரி ஏற்றுக்கொண்டார் என்பதை மட்டும் இதனோடு சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். இந்தி பவன் சுவரிலும் அவர் தனியாக உழைக்கவில்லை. அப்போது மாணவராயிருந்து பின்னாளில் புகழ்பெற்ற ஓவியரான கே.ஜி. சுப்ரமணியன் முதலியோர் உடன் நின்றார்கள். பார்வையிருந்த காலத்திலேயே பலரோடு சேர்ந்து உழைத்துப் பழகிய ஒருவருக்கு, பின்னாளில் கை நீட்டி உதவி கேட்பது தலைகுனிவாக இருந்திருக்காது.

குரல் பதிவு பற்றி விரல்நுனி எழுதியது இன்னொன்றையும் நினைவூட்டுகிறது. பார்வை போன பிறகு பினோத் பிஹாரி தம் வாழ்வை வங்காள மொழியில் எழுத்தாக்கினார். ‘சித்ரகர்’ என்னும் அந்நூலைப் பின்னாளில் கே.ஜி. சுப்ரமணியனே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கண்ணில்லாத ஒருவன் ஓர் அறையில் எப்படி நடக்கிறான், ஒலியையும் வெப்பத்தையும் கொண்டு இடத்தை எப்படி அறிகிறான் என்பவற்றையெல்லாம் ஓவியனுக்கே உரிய கூர்மையோடு அவர் கவனித்தார். தம்மையே ஒரு காட்சியைப் போலத் தள்ளி வைத்துப் பார்க்கும் அந்தப் பழக்கம் கண்ணோடு சேர்ந்து போய்விடவில்லை. 1974-இல் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது, 1980-இல் காலமானார் என்ற செய்திகளைவிட, இருளையும் ஆராய வேண்டிய பொருளாக அவர் எடுத்துக்கொண்டது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஐயா, நீங்களும் எழுதலாம். பார்வை சுருங்கும்போது ஓர் ஓவிய ஆசிரியருக்கு உலகம் எப்படி மாறுகிறது என்பதைத் தமிழில் உள்ளிருந்து எழுதியவர்கள் மிகக் குறைவு.

மறுமொழி 5: கரித்துண்டு

எல்லோருக்கும் என் நன்றி. ஒவ்வொரு மறுமொழியையும் மகளைப் படிக்கச் சொல்லி, இரண்டாம் முறையும் கேட்டேன். விருப்ப ஓய்வு விண்ணப்பத்தை இப்போதைக்கு எழுதுவதில்லை என்று வீட்டில் பேசி முடிவெடுத்திருக்கிறோம். சட்டப்பிரிவைக் கேட்ட பிறகு என் மனைவிக்கும் அச்சம் குறைந்திருக்கிறது. மருத்துவச் சான்றுக்கான வேலையை அடுத்த வாரம் தொடங்குகிறேன்.

எட்டாம் வகுப்பில் விரல்நுனி சொன்ன முறையைச் செய்து பார்த்தேன். கோயில் தேரை வரைந்த ஒரு மாணவி, தன் படத்தைச் சொல்லிக்கொண்டே வந்து, சக்கரத்தைவிட வடம் பிடிப்பவர்கள் பெரிதாகிவிட்டார்கள் என்று தானே நிறுத்தினாள். பக்கத்தில் நின்றவன் அதை மறுத்து, வடம் பிடிப்பவர்கள் முன்னால் நிற்பதால் பெரிதாகத்தான் தெரிவார்கள் என்றான். அந்த வாதத்திலேயே மணி அடித்துவிட்டது. தொலைவும் அளவும் பற்றி நான் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்து காட்டி நடத்திய பாடத்தை அவர்களே நடத்திவிட்டார்கள். எனக்குப் பார்வை குறைந்து வருவதை அன்றே வகுப்பில் சொல்லிவிட்டேன்.

கத்தரியும் காகிதமும் வாங்கி வைத்திருக்கிறேன். களிமண்ணைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும்: எங்கள் ஊர்ப்பக்கம் குயவர்களிடம் மண் கிடைக்கிறது, ஆனால் சுடுவதற்கு வசதியில்லை. சுடாமல் உலர்த்தி வைக்கும் சிறு உருவங்கள் வெடிக்காமல் இருக்க மண்ணோடு எதைச் சேர்த்துப் பிசைய வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.